பன்மைக் குற்றம்

சீரிஸ் குறுங்கோளில், பனிக்கு அடியில் இருநூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது சமனூர். அங்கே காலையில் பல் தேய்த்து முடித்ததும் எல்லோரும் அவரவர் வீட்டு வாசலுக்கு வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். புதிதாக வந்த ஆள் பார்த்தால் பயந்துவிடுவான். சந்தின் இரண்டு பக்கமும், கிழவன் முதல் நேற்றுப் பேசத் தொடங்கிய பிள்ளை வரை, எல்லோருடைய நாக்கும் வெளியே தொங்கும். ஏழாம் சந்தில் பேச்சிதான் கையில் விளக்குக்கோலோடு வந்து ஒவ்வொரு நாக்காகத் தூக்கி அடியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். பச்சை தெரிந்தால் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். சிவப்பு தெரிந்தால் நாவொட்டு பழுது. சரிசெய்கிற வரை வாயைத் திறக்கக் கூடாது.

நாவொட்டு என்பது அரிசிமணி அளவுக்கு ஒரு சில்லு. நாக்குக்கு அடியில் பதித்திருப்பார்கள். அதற்கு இரண்டே வேலை. வாயிலிருந்து 'நீங்க' என்றோ, 'வாங்க' 'போங்க' என்றோ ஒரு சொல் வந்தால், எதிரே இரண்டு மீட்டருக்குள் எத்தனை நாவொட்டுகள் இருக்கின்றன என்று எண்ணும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பேசாமல் இருந்துவிடும். பலரைப் பார்த்து 'நீங்கள்' என்பது வெறும் இலக்கணம்தானே. ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும் கடிக்கும். சுள்ளென்று, கட்டெறும்பு கடித்த மாதிரி. ஒரே ஒரு மனிதனைப் பன்மையில் அழைப்பதுதான் சமனூரில் குற்றம். அதற்குப் பெயர் பன்மைக் குற்றம்.

(உங்களை 'நீங்கள்' என்று சொல்வதில் எனக்குப் பயமில்லை. படிப்பவர்கள் ஒருவருக்கு மேல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கைதான்.)

அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் நீ. மாமனாரும் நீ, மருமகளும் நீ, வைத்தியம் பார்க்கிறவளும் நீ. பெயரில்கூட ஒருவன் இன்னொருவனுக்கு மேலே நிற்கக் கூடாது என்று, பிறந்த பிள்ளைகளின் பெயரைச் சீவி எடுத்துவிடுவார்கள். முத்துராஜ் என்று வைத்தால் ராஜாவை வெட்டி முத்து. பேச்சியம்மாள் பேச்சி ஆனது அப்படித்தான். அவள் வீட்டுக்காரன் கொம்பையா. அதில் ஒரு ஐயா ஒளிந்திருக்கிறார் என்று கண்டுபிடித்து, அவரை வெட்டி, கொம்பு ஆக்கினார்கள். இந்தக் கதையிலும் எல்லோரும் அவன், அவள்தான். ஊர்ச் சட்டம்.

அந்தக் கொம்புதான் இப்போது மூச்சுவிட முடியாமல் கிடக்கிறான்.

பனிக்கு அடியில் காற்று தானாக வராது. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு காற்றுச் சல்லடை உண்டு. சந்து முழுக்க விடுகிற மூச்சையும், பனி வெட்டுகிற இடத்திலிருந்து வருகிற தூசியையும் வடிகட்டித் திருப்பிக் கொடுப்பது அது. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏழாம் சந்தில் மாற்றி நூற்று நாற்பது நாள் ஆகிவிட்டது. மற்றவர்களுக்குத் தலைவலியோடு போயிற்று. இருபத்தெட்டு வருடம் பனி துளைத்த கொம்புவின் நெஞ்சு அதைத் தாங்கவில்லை. இரண்டு மாதமாக அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறான். உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, இன்னைக்கும் போறியா?" என்றான் அவன், பேச்சி விளக்குக்கோலை உறையில் போடும்போது.

"போகாம? இன்னைக்குக் கேட்டுட்டுத்தான் வருவேன்."

"நேத்தும் கேட்டுட்டுத்தான் வந்த."

"கேலி பண்ணாத. பேசுனா மூச்சு வாங்குதுல்லா. சும்மா கெட."

"சும்மா கெடந்தாலும்தான் வாங்குது," என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் போனான். சிரிப்பு இருமலாகிவிட்டது.

சல்லடைகளைப் பங்கிடுகிறவனுக்குப் பெயர் பொதுவன். அதிகாரி என்று சொல்லக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி ஒருவனைப் பொதுவனாக எடுப்பார்கள். ஒன்பது வருடமாகப் பிச்சாண்டி பெயரே வந்துகொண்டிருக்கிறது. குலுக்குகிறவன் பிச்சாண்டியோடு நிற்கிறவன்.

இந்த 'நிற்கிறவன்' பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டம் வந்து கொஞ்ச வருடத்திலேயே ஊருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. ஒருவன் தனியாக இருந்தால்தான் அவனை 'நீங்க' என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொருத்தன் நின்றால் சொல்லலாம். நாவொட்டு எண்ணிப் பார்க்கும், இரண்டு என்று வரும், வாயை மூடிக்கொள்ளும். அதனால் காரியம் வைத்திருக்கிறவர்கள் யாரும் தனியாக வருவதை நிறுத்திவிட்டார்கள். துளைப்பான் அறை பார்ப்பவனோடு மூன்று பேர். தண்ணீர் பார்ப்பவளோடு ஐந்து பேர். பிச்சாண்டியோடு பதினோரு பேர். அவர்களுக்கு உடனாளிகள் என்று பெயர். இன்ன வேலை என்று கிடையாது. நிற்பார்கள். அவ்வளவுதான்.

பேச்சி போனபோது பிச்சாண்டி, சல்லடை பங்கிடுகிற காற்றுமேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, சாதுவான முகம். சுற்றிலும் பதினோரு பேர்.

"பிச்சாண்டி," என்றாள் பேச்சி. "ஏழாம் சந்துச் சல்லடை மாத்தி நூத்தி நாப்பது நாள் ஆச்சு. கொம்புக்கு மூச்சு முட்டுது. நீ எப்ப மாத்தித் தருவ?"

உடனாளிகளில் ஒருவன் கூரையைப் பார்த்தான். ஒருவன் தொண்டையைச் செருமினான். பிச்சாண்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேச்சிக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"பேச்சி, நீயும் நானும் ஒண்ணு. இங்கன பெரியவன் சின்னவன் கெடையாது. உனக்கு மாத்தித் தாரதுக்கு நான் யாரு?"

"சல்லடை ஒங்கிட்டதான இருக்கு?"

"எங்கிட்ட இல்ல. நம்மகிட்ட இருக்கு."

"அப்ப நம்ம சல்லடையில ஒண்ணைக் குடு."

"நம்ம எல்லாரையும் கேக்கணும்லா?"

அந்த நேரத்தில் இரண்டாம் சந்துக்காரன் ஒருவன் உள்ளே வந்தான். கையைக் கட்டிக்கொண்டான். பன்னிரண்டு பேர் இருக்கிற இடத்தில் பிச்சாண்டியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, "நீங்க நல்லாருக்கியளா? நீங்க மனசு வச்சா எங்க சந்துக்கும் வெளிச்சம்," என்றான். நாவொட்டு கடிக்கவில்லை. ஓர் உடனாளி உள்ளே போய்ப் புதுச் சல்லடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தான்.

பேச்சி மேசைப் பக்கம் குனிந்தாள். "இவனுக்கு மட்டும் எப்படிக் குடுத்த?"

பிச்சாண்டி பொறுமையாகச் சொன்னான். "அவன் எங்க பன்னெண்டு பேரையும் கேட்டான். நீ என்னைய மட்டும்தான கேட்ட?"

ஒருவன் களுக்கென்று சிரித்தான். இரண்டாம் சந்துக்காரன் சல்லடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான்.

பேச்சிக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாமல் இல்லை. அவள் நாவொட்டுப் பார்ப்பவள். எந்தத் தொலைவில், எத்தனை பேர் நின்றால் கடிக்காது என்பது ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்காக எத்தனை பேர் செத்தார்கள் என்பதும் தெரியும்.

தொண்ணூறு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களில் வேலை போன சனத்தை ஒரு பனிவெட்டும் கம்பெனி இங்கே கொண்டுவந்து இறக்கியது. நாவொட்டைக் கண்டுபிடித்தது அந்தக் கம்பெனிதான். அப்போது அது வேறு மாதிரி கடித்தது. சூப்பர்வைசரைப் பார்த்து யாராவது 'நீ' என்றோ 'ஏல' என்றோ சொன்னால் கடிக்கும். ஒருநாள் கூரைப்பனி வெடித்து விழப்போனபோது, துளைப்பு வேலைக்காரன் மாசானம் என்பவன் கீழே நின்ற சூப்பர்வைசரைப் பார்த்து, "ஏல, ஓடு!" என்று கத்தினான். முதல் சொல்லிலேயே நாவொட்டு கடித்த கடியில் அடுத்த சொல் வெளியே வரவில்லை. சூப்பர்வைசர், "என்ன சொன்ன?" என்று திரும்பி நின்று கேட்டான். அதற்குள் பனி இறங்கிவிட்டது. மரியாதையால் செத்த முதல் ஆள் அந்தச் சூப்பர்வைசர்தான்.

அதிலிருந்து பற்றிக்கொண்டது கலகம். கம்பெனிக்காரர்கள் கப்பலேறி ஓடினார்கள். ஊர் கைக்கு வந்தது. பிறகுதான் பெரிய சண்டையே. நாவொட்டை என்ன செய்வது?

சமையல்கூடத்தில் இருந்த அன்னவடிவு சொன்னாள்: "எல்லாரும் எல்லாரையும் நீங்கன்னு சொல்லுவோம். சூப்பர்வைசருக்கு மட்டும் கெடைச்சது நமக்கும் கெடைக்கட்டுமே. வாயால குடுக்கதுக்கு என்ன கஞ்சத்தனம்?"

மாசானம் சொன்னான்: "எல்லாருக்கும் நீங்கன்னா, பெரியவன் அதுக்கு மேல ஒண்ணு கேப்பான். மரியாதை வாயால கட்டுத வரி. வரியே வேண்டாம். எல்லாரையும் நீன்னு சொல்லுவோம்."

இரண்டிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அடிதடி. அன்னவடிவு பக்கம் நின்றவர்களுக்குத் தூக்கிகள் என்று பெயர். மாசானம் பக்கம் நின்றவர்கள் இறக்கிகள். பதினோரு நாள் சுரங்கத்துக்குள் பனிக்கோடரியோடு வெட்டிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு பேர் செத்தார்கள், அன்னவடிவும்தான். நாவொட்டையே பிடுங்கி எறிந்துவிடலாம் என்று சொன்னவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களை மட்டும் இரண்டு தரப்பும் ஒற்றுமையாகச் சேர்ந்து அடித்தது. நல்ல கருவி, கம்பெனிக்காரன் கையில் இருந்ததுதான் தப்பு என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

ஜெயித்த இறக்கிகள் நாவொட்டைத் திருப்பிப் போட்டார்கள். 'நீ'க்குக் கடித்தது இனி 'நீங்க'வுக்குக் கடிக்கும். ஒரே ஒரு சிக்கல் 'நீரு'. திருநெல்வேலி, தூத்துக்குடி வாயில் அது நீயும் இல்லை, நீங்களும் இல்லை, நடுவில் தொங்கும். "என்னவே, நீரு சொல்லும்" என்பது மரியாதையா, நக்கலா? ஏழு வருடம் உட்கார்ந்து பேசினார்கள். முடிவு வரவில்லை. கடைசியில் அதற்கு அரைக்கடி என்று வைத்தார்கள்.

பேச்சியின் பாட்டன் அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவன். 'நீ'க்காகச் செத்தவன். அவன் செத்த சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் காற்றுமேசைக்குப் போய்ப் போய்த் திரும்பி வருகிறாள்.

ஊர்மன்றத்துக்குப் போகலாம் என்று எழுதிப் போட்டாள். மன்றத்தில் தலைமை கிடையாது. யார் பேச்சும் யார் பேச்சுக்கும் மேல் இல்லை என்பதால், ஒரு விஷயம் வந்தால் நாலாயிரம் பேரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் என்று பேசினால் பத்தொன்பது நாள். ஏற்கெனவே வரிசையில் இருந்தது, உணவுக்கூடப் பெஞ்சுகளுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்ற விவாதம். அது இன்னும் மூன்றாம் நாளில்தான் இருந்தது.

மறுநாள் காற்றுமேசைக்கே போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

"எட்டாம் சந்து என்ன நெனைக்கும்?" என்றான் பிச்சாண்டி ஒருநாள்.

"எட்டாம் சந்துக்குப் போன மாசமே மாத்தியாச்சு."

"அதான் சொல்லுதேன். மாத்துன சந்துக்காரங்க, மாத்தாத சந்தைப் பாத்துச் சங்கடப்படுவாங்கள்லா? எல்லாருக்கும் சேத்து ஒரு வழி பாக்கணும்."

"நீ வழி பாக்கதுக்குள்ள என் வீட்டுக்காரன் வழி முடிஞ்சிரும்."

"நீ இப்படிக் கோவப்பட்டா நான் என்ன சொல்ல? நான் ஒரு சாதாரண ஆளு."

சாதாரண ஆளைச் சுற்றி நின்ற பதினோரு பேரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள்.

அன்று அவள் வீடு திரும்பியபோது கொம்பு தரையில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தான். தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தடவிக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்துத்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"ஏட்டி பேச்சி. ஒரு வார்த்தைதான? சொல்லிட்டு வாயேன். அங்கன பதினோரு தடியனுவ நிக்கான். கடிக்கக்கூடச் செய்யாது."

"கடிக்கும்னு பயந்தா சொல்லாம இருக்கேன்? அத ஒருதடவ சொல்லிட்டா, மாசானம் சொன்னதுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?"

கொம்பு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காற்றைத் தேடினான்.

"மாசானத்துக்கு மூச்சு முட்டல பேச்சி," என்றான். "எனக்குத்தான் முட்டுது."

பேச்சிக்குப் பாட்டன்மேல் கோபம் வந்தது. அன்னவடிவுமேல் வந்தது. எல்லோர்மேலும் வந்துவிட்டு, கடைசியில் தன்மேலேயே வந்து நின்றது. காலையில் பத்து வீட்டு நாக்கைத் தூக்கிப் பார்க்கிறோமே, எதற்காகப் பார்க்கிறோம் என்று தோன்றியது.

"போயிட்டு வாரேன்," என்றாள். "சொல்லிட்டே வாரேன். போதுமா?"

வழி முழுக்க அந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். 'நீங்க மனசு வைக்கணும்.' முப்பத்தொன்பது வயதில், ஒரே ஆளை மனசில் வைத்து முதல்முறையாகச் சொல்லப்போகிற சொல். கண்ணில் தண்ணீர் நிறைந்து பாதை கலங்கலாகத் தெரிந்தது. அழுகையா, கெட்ட காற்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

காற்றுமேசையில் பிச்சாண்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளையாக, வாட்டசாட்டமாக ஓர் ஆள் நின்றிருந்தான். மற்ற பத்துப் பேரைக் காணோம். ஒருத்தன் போதும் என்று அவள் நினைத்தாள். சட்டப்படி இரண்டு தலை.

கையைக் கட்டிக்கொண்டாள். "பிச்சாண்டி, நீங்க மனசு வைக்கணும்," என்றாள்.

சுள்ளென்று கடித்தது. அப்படி ஒரு கடி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். சுவரில் எங்கோ ஒரு மணி அடிக்கத் தொடங்கியது. பன்மைக் குற்றம் நடந்தால் அடிக்கிற மணி; கடைசியாக அது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அடித்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது என்ன மணி என்றே தெரியாது.

நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் நின்றவன் அசையவில்லை. அது ஆள் இல்லை. மேல்தளத்துக்குப் போகிறவர்கள் போடுகிற பனியுடை. காய்வதற்காகத் தலைக்கூட்டோடு கொக்கியில் மாட்டியிருந்தார்கள். உணவுக்கூடத்தில் அன்று பாசிப் பணியாரம் சூடாகப் போடுகிறார்கள் என்று பதினோரு உடனாளிகளும் ஓடியிருந்தார்கள். நாவொட்டு எண்ணுவது நாவொட்டுகளை. காலி உடையில் ஏது நாக்கு? ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுக்கிற பேச்சி தன் கண்ணை நம்பிவிட்டாள்.

பிச்சாண்டி எழுந்து நின்றான். ஒன்பது வருடமாக எத்தனையோ பேர் அவனை நீங்க என்று சொன்னார்கள். ஆனால் எல்லாம் பன்னிரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னது. தனக்கே தனக்கென்று ஒருத்தி சொன்னது இதுதான் முதல்முறை. அவன் முகத்தில் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. மணிச்சத்தம் கேட்டு அது உடனே வடிந்தது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட?" என்றான் மெதுவாக. "பக்கத்துல ஆள் நிக்கானான்னு பாக்க மாட்டியா?"

விசாரணை அன்றைக்கே உணவுக்கூடத்தில் நடந்தது. குற்றம் என்று வந்தால் நாலாயிரம் பேரும் பேச வேண்டியதில்லை, கையைத் தூக்கினால் போதும். அந்த ஒரு காரியத்தில் ஊர் வேகமான ஊர். நாவொட்டு வேலைசெய்ததா என்று சோதிக்க வேறு சந்துக்காரி ஒருத்தி வந்து பேச்சியின் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பச்சை. ஊரிலேயே நல்ல நிலையில் இருந்த நாவொட்டு அதுதான்.

"நீ சொன்னது உண்டா இல்லையா?" என்று கேட்டார்கள்.

"உண்டு," என்றாள் பேச்சி. "நீங்க தெனமும் சொல்லுதியள்லா? இந்தக் கூடத்துல ஒருத்தர் கையைத் தூக்குங்க பாப்போம், பிச்சாண்டிய நீங்கன்னு சொல்லாத ஆளு!"

இரண்டாம் சந்துக்காரன் எழுந்தான். "நான் பன்னெண்டு பேரைச் சொன்னேன்."

"உன் கண்ணு எங்கன பாத்துச்சு?"

"கண்ணுக்கு நாவொட்டு கெடையாதுல்லா?"

கூடமே சிரித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். பேச்சி அந்தச் சிரிப்பு ஓயும் வரை நின்றாள். "என் வீட்டுக்காரன் அங்கன மூச்சு முட்டிக் கெடக்கான்," என்றாள். அது விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாத பேச்சு என்று யாரோ சொன்னார்கள். பிச்சாண்டியைக் கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தான் வருத்தம். என்னைய ஒரு தனி ஆளாப் பாத்துட்டா," என்றான். பலருக்குக் கண் கலங்கியது.

மாசானம் எழுதிவைத்த விதிகளில் ஒன்பதாவது இப்படிச் சொல்கிறது: ஒருவனை மற்றவர்களைவிடப் பெரிதாக நினைத்தவன், நூறு நாள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, எல்லோரும் ஒன்று என்று பழக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஊரில் தினமும் கூட்டமாக நிற்பவர்கள் யார்? யோசித்துப் பார்த்தார்கள். பிச்சாண்டியின் உடனாளிகள்தான். எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

மறுநாள் பேச்சி பன்னிரண்டாவது உடனாளியாகப் போய் நின்றாள். விளக்குக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இடதுபக்கம் மூன்றாவது இடம். பக்கத்தில் நின்றவன் பெயர் வாய். தளவாய் என்றுதான் வைத்தார்களாம். அதில் ஒரு படைத்தலைவன் இருக்கிறான் என்று வெட்டியதில் மிச்சம் அவ்வளவுதான் இருந்தது.

"என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"நிக்கணும்."

"வேற?"

"அவன் தலையாட்டுனா ஆட்டு. கொட்டாவி விடாத. பணியாரம்னா நான் சொல்லுதேன், ஓடிரலாம்."

"வெக்கமா இல்லியா ஒனக்கு?"

வாய் யோசித்தான். "மொத ரெண்டு நாளு கால் வலிக்கும்," என்றான். "பொறவு ஒண்ணும் தெரியாது."

முதல் நாள் ஒன்பது பேர் வந்து கையைக் கட்டினார்கள். ஒன்பது பேரும் சொன்ன 'நீங்க'வில் பதிமூன்றில் ஒரு பங்கு தன்னுடையது என்று நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டாம் நாள் கால் வலித்தது.

மூன்றாம் நாள் வேலை முடிந்து ஏழாம் சந்துக்குள் நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள். காற்று வேறாக இருந்தது. குளிர்ச்சியாக, ஒரு வாசனையும் இல்லாமல். கூரையில் புதுச் சல்லடை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கொம்பு மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதுகு தரையில் பட்ட தூக்கம். நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது. பேச்சி அதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் வாயிடம் கேட்டாள். "எங்க சந்துக்கு யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"பின்ன?"

"நம்ம ஆளு இருக்கிற சந்துல்லா," என்றான் வாய், இதுகூடவா தெரியாது என்பது போல.

அதன்பிறகு கால் வலிக்கவில்லை. கொம்புவின் உதடு கத்தரிக்காய் நிறம் போய்ப் பழைய நிறத்துக்கு வந்தது. ஐம்பதாம் நாள் அவன் எழுந்து சந்துக் கோடி வரை நடந்துபோய் வந்தான். தொண்ணூற்று மூன்றாம் நாள், கேட்காமலே, சரியாக இன்னொரு சல்லடை வந்தது. சந்துக்காரர்கள் பேச்சியின் வீட்டுக்கு வந்து, கொம்பு உள்ளே இருக்கிறானா என்று எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்," என்றார்கள். இரண்டு பேர் இருந்ததால் கடிக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் நாள் அவள் வாயிடம் மெல்லக் கேட்டாள். "நூறு நாள் முடிஞ்சா போயிறணுமா? நிக்கணும்னு ஆசைப்பட்டா நிக்க விடுவானா?"

"நல்லா நின்னா விடுவான்."

"நான் நல்லா நிக்கேனா?"

"பரவால்ல. தலைய இன்னும் கொஞ்சம் ஆட்டணும்."

தொண்ணூற்றெட்டாம் நாள் நாலாம் சந்துக்காரி ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுக்கேறிக் கறுத்துப்போன சல்லடையைக் கூரையிலிருந்து கழற்றிக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதை மேசைமேல் டமாரென்று போட்டாள். கையைக் கட்டவில்லை.

"பிச்சாண்டி, இதைப் பாரு. நூத்திப் பத்து நாள். எங்க அம்மாவால எந்திரிக்க முடியல. நீ இன்னைக்கு மாத்தித் தருவியா மாட்டியா?"

பிச்சாண்டி கோபப்படவில்லை. "நீயும் நானும் ஒண்ணு," என்று தொடங்கினான். ஓர் உடனாளி கூரையைப் பார்த்தான். ஒருவன் தொண்டையைச் செருமினான். அடுத்து அவன் என்ன சொல்வான், அவள் என்ன கேட்பாள், எல்லாம் பேச்சிக்கு மனப்பாடம்.

அந்தப் பெண் பிச்சாண்டியை விட்டுவிட்டுப் பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஏழாம் சந்துப் பேச்சி இதே மேசைக்கு முன்னால் நின்று 'நீ' என்று சண்டை போட்டவள் என்பது ஊருக்கே தெரியும். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று அந்தப் பெண் காத்திருந்தாள். பிச்சாண்டியும் மெதுவாகத் தலையைத் திருப்பினான். அவன் பார்த்ததால் மற்ற பதினோரு பேரும் பார்த்தார்கள்.

பேச்சி வாயைத் திறந்தாள்.

"ஏட்டி," என்றாள். "யார்கிட்ட பேசுதோம்னு பாத்து, கொஞ்சம் மரியாதையாப் பேசு."

சொல்லிவிட்டு, கடி விழப்போகிறது என்று நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். நாவொட்டு கடிக்கவில்லை. அந்த வாக்கியத்தில் எதிரே நிற்கிற ஆளைப் பன்மையில் அழைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.